எல்.கே.ஜி. குழந்தை நூறு வரை எழுத வேண்டுமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு நாலே கால் வயது. பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வாம்மா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். மார்ச்சுக்குள் நூறு வரை எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். யூ.கே.ஜி.யில் ஐந்தாம் வாய்ப்பாடு வரை உண்டாம். எதிர்வீட்டுப் பையன் வேறு இருநூறு வரை சொல்கிறான். இவள் பின்தங்கிவிட்டாளா, அபாகஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. மழலையர் வகுப்பு முடிக்கும் குழந்தைக்குக் கணக்கில் என்னதான் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளி கேட்பதும் அதைத்தானா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: பெரும்பாலும் இல்லை.

சென்னையில் பல வருடம் மழலையர் வகுப்பு எடுத்துவிட்டு இப்போது ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மருத்துவர் இல்லை, உளவியல் நிபுணரும் இல்லை. உங்கள் மகளை நேரில் பார்க்காமல் அவளைப் பற்றித் தீர்ப்பு சொல்லவும் முடியாது. இந்த வயதுக் குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொள்ளும் விதம் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

முதலில் அரசாங்கக் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருடத்துக்கு, அதாவது ஐந்திலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு, எண்களில் வைத்திருக்கும் இலக்கு பத்து வரை அடையாளம் கண்டு படிப்பது. கூடவே பொருட்களையும் வடிவங்களையும் நிகழ்ச்சிகளையும் வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். 99 வரை படிப்பதும் எழுதுவதும் ஒன்றாம் வகுப்பு முடிவதற்கான இலக்கு. பெருக்கல் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு அடிப்படை எண்ணறிவையும் எழுத்தறிவையும் உறுதிப்படுத்தத்தான் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை அவகாசம் கொடுத்து அரசே திட்டம் போடும் விஷயத்தை நாலு வயதில் முடித்துக் காட்டச் சொல்கிறார்கள் நம்மூர்ப் பள்ளிகள் பல.

வெளிநாட்டில் அப்படி இல்லையே என்று யாராவது வருவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் பொதுத் தரநிலையில் கிண்டர்கார்டன் குழந்தை வாயால் நூறு வரை சொல்ல வேண்டும் என்று இருப்பது உண்மைதான். ஆனால் எழுதுவது 20 வரை போதும். கூட்டல் கழித்தல் பத்துக்குள், அதிலும் தடுமாறாமல் செய்ய வேண்டியது ஐந்துக்குள் மட்டும். இங்கிலாந்தில் பள்ளியின் முதல் வருடமான ரிசெப்ஷன் வகுப்பில் இருபதைத் தாண்டிச் சொன்னால் போதும், பத்து வரையிலான எண்களை ஆழமாகப் புரிந்துகொள்வதில்தான் குறி. வயதையும் கவனியுங்கள். அமெரிக்கக் கிண்டர்கார்டன் குழந்தைக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கும். நம்மூரில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டால், யூ.கே.ஜி.யில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குழந்தையைவிட நம் குழந்தை கிட்டத்தட்ட ஒரு வயது சின்னது.

சரி, ஐம்பது வரை சொல்பவளுக்கு ஏழு ஸ்பூன் எடுக்க வராதது ஏன்? சொல்வது வேறு, எண்ணுவது வேறு என்பதால்தான். 1978-இல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணுவதற்குள் இருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு முறை தொடக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்த முனையிலிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒரே வேலை. குழந்தைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேர வேண்டியது.

இவற்றில் மலை ஏறுவதுபோல இருப்பது, கடைசி எண்தான் மொத்தம் என்ற விஷயம். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஆறு பொத்தானைத் தரையில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒன், டூ, த்ரீ..." என்று விரலால் தொட்டுத் தொட்டு ஆறு வரை சரியாக வந்துவிடுவாள். உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "சிக்ஸ்" என்றால் சரி. மறுபடி "ஒன், டூ..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தால், எத்தனை என்ற கேள்விக்குப் பதில் எண்ணிக் காட்டுவதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஸ்பூன் விவகாரம் இதைவிட ஒரு படி மேலே. ஏழு என்பதை மனதில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டே வந்து, ஏழு வந்ததும் நிறுத்த வேண்டும். 1990 வாக்கில் கேரன் வின் என்ற உளவியலாளர் இதே சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்தார். ஒன்று கேட்டால் மட்டும் சரியாகக் கொடுத்து, மற்றதற்கெல்லாம் அள்ளிக் கொடுக்கும் ஒரு கட்டம் வருகிறது. சில மாதம் கழித்து இரண்டு வருகிறது, அப்புறம் மூன்று. அதற்குப் பிறகு திடீரென்று ஒரு நாள் சூட்சுமம் பிடிபட்டு, ஐந்து, ஆறு, ஏழு என்று தனக்கு எண்ணத் தெரிந்த வரைக்கும் சரியாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது. பல குழந்தைகளுக்கு இது மூன்றரையிலிருந்து ஐந்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டார்கள். நாலே கால் வயதில் ஏழு ஸ்பூனுக்குத் திணறுவது பின்தங்கல் இல்லை. அவளிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுப் பாருங்கள். மூன்று ஸ்பூன் தவறாமல் வருகிறது என்றால் அவள் வாசலில்தான் நிற்கிறாள்.

அதற்காக ஒப்பிப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். இப்போது சில ஆசிரியைகள் அந்த எல்லைக்கும் போய்விடுகிறார்கள். எண் வரிசை வாயில் சரளமாக இல்லாமல் எண்ண முடியாது. இருபத்தொன்பதுக்குப் பிறகு முப்பது என்று தானாக வரும்போது, பத்து பத்தாகப் போகும் ஒழுங்கு காதில் ஏறிவிட்டது என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பையன் இருநூறு சொல்வதும் நல்ல விஷயம்தான். அவனிடமும் ஏழு ஸ்பூன் கேட்டுப் பாருங்கள் என்பேன், போட்டிக்காக இல்லை, உங்கள் மன நிம்மதிக்காக.

எனக்கு ஆகாதது நூறு வரை எழுதும் வேலை. கட்டம் போட்ட நோட்டில் குழந்தைகள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் மேலிருந்து கீழே 3, 3, 3, 3 என்று ஒன்பது கட்டத்துக்கும் போட்டுவிடும். பிறகு மேலே வந்து ஒவ்வொரு 3-க்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இறங்கும். முப்பத்தொன்று முதல் முப்பத்தொன்பது வரை தயார், ஸ்டாரும் கிடைத்துவிடும். அந்தக் குழந்தை முப்பத்தைந்து என்ற எண்ணை ஒரு நொடிகூட நினைக்கவில்லை. புத்திசாலித்தனமான வழிதான், குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி அதைக் கணக்கு என்று எண்ணிக்கொள்கிறது, நோட்டு நிரம்பியிருப்பதைப் பார்த்து வீட்டிலும் சந்தோஷப்படுகிறோம். இன்னொரு பக்கம், நாலு வயது விரல்களுக்குப் பென்சிலைப் பிடித்துக் கட்டத்துக்குள் நிறுத்துவதே பெரிய உழைப்பு. 3, 7 போன்றவற்றைத் திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை சகஜம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'நம்பர் நேம்ஸ்' என்று எண்களுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் எழுதச் சொல்லிக் கணக்கில் மார்க் குறைப்பதையும் பார்க்கிறேன். அது ஆங்கிலப் பாடம், கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

அப்படியானால் யூ.கே.ஜி. முடியும்போது எது இருந்தால் போதும்? என் கணக்கில், பத்து வரையிலான எண்கள் கைக்குள் இருக்க வேண்டும். கைக்குள் என்றால், எட்டு கேட்டால் எட்டு எடுத்துத் தர வேண்டும். கலைந்து கிடக்கும் எட்டையும் விட்டுப்போகாமல் எண்ண வேண்டும். நாலு வரை இருந்தால் எண்ணாமலேயே பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். ஏழுக்கும் ஐந்துக்கும் எது பெரியது என்று தெரிய வேண்டும். கையில் ஐந்து இருக்கும்போது இன்னொன்று போட்டால் முதலிலிருந்து எண்ணாமல் ஆறு என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது, ஒரு எண்ணுக்குள் வேறு எண்கள் ஒளிந்திருப்பது தெரிவது. ஐந்து என்பது நாலும் ஒன்றும், மூன்றும் இரண்டும். ஒன்றாம் வகுப்பில் கூட்டல், கழித்தல் தண்ணீர்பட்ட பாடாக ஆவதும் ஆகாததும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான். பத்தைத் தாண்டினால், பதின்மூன்று என்பது ஒரு பத்தும் மூன்றும் என்று ஐஸ் குச்சியைக் கட்டுப் போட்டுக் காட்டும் அளவு வந்தால் நல்லது, வராவிட்டால் ஒன்றாம் வகுப்பு இருக்கிறது.

எண் மட்டும் கணக்கு இல்லை என்பதையும் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. எது நீளம், எது கனம், எந்தப் பாத்திரத்தில் அதிகம் பிடிக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த வயதுக்கான கணக்குதான். உயரமான டம்ளரில் இருக்கும் தண்ணீரை அகலக் கிண்ணத்தில் ஊற்றினால் குறைந்துவிட்டது என்று சொல்வாள், சொல்லட்டும். ஒரு வரிசை நாணயத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் அதிகமாகிவிட்டது என்பாள். குழந்தைகள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைத்தான் காட்டினார். கேட்கும் விதத்தை மாற்றினால் குழந்தைகள் இன்னும் சின்ன வயதிலேயே சரியாகச் சொல்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். விவாதம் எப்படிப் போனாலும், திருத்தித் திருத்திச் சொல்லி மனப்பாடம் செய்யவைக்கும் விஷயம் இது இல்லை. வடிவங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஒர்க்‌ஷீட்டில் முக்கோணம் எப்போதும் அடி தட்டையாக, மூன்று பக்கமும் சமமாகவே இருக்கும். தலைகீழாக வைத்தாலும் ஒல்லியாக இழுத்தாலும் அது முக்கோணம்தான் என்று வீட்டில் சொல்லிக் கொடுங்கள். ஒழுங்கமைவுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் பேட்டர்னுக்கு, வாசல் கோலமும், இரண்டு மல்லி ஒரு கனகாம்பரம் என்று தொடுக்கும் சரமும் போதும், தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐந்து புளியங்கொட்டையை எடுத்து அவள் கண் முன்னால் எண்ணுங்கள். பின்னால் கையைக் கொண்டுபோய் இரண்டு கையிலும் பிரித்து, ஒரு கையை மட்டும் திறந்து காட்டுங்கள். மூன்று இருக்கிறது. மூடின கையில் எத்தனை? முதலில் சும்மா ஊகிப்பாள், அப்புறம் விரலை விட்டுப் பார்ப்பாள், கொஞ்ச நாளில் "ரெண்டு!" என்று கை திறக்கும் முன்பே கத்துவாள். ஐந்து பிடிபட்ட பிறகு ஆறுக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம். இட்லித் தட்டில் நாலு குழி இருக்கும். ஒன்றில் இட்லியை எடுத்துவிட்டால் எண்ணாமலேயே மூன்று என்று தெரியும். விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். கையைக் கீழே வை என்று சொல்லும் மிஸ்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்த வயதில் விரல் ஊன்றுகோல் இல்லை, உபகரணம்.

சென்னைக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. மாண்டிசோரி கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் இங்கே வந்து அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். அவருடைய சாதனங்களில் எனக்குப் பிடித்தது ஸ்பிண்டில் பாக்ஸ். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் எழுதிய பத்து அறைகள், 45 குச்சிகள். அந்தந்த அறையில் அத்தனை குச்சி போட வேண்டும். பூஜ்ய அறை காலியாகவே இருக்கும், பூஜ்யம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதுக்குப் போட ஒரு குச்சி குறைந்தாலோ கடைசியில் ஒன்று மிஞ்சினாலோ, எங்கேயோ தப்பு என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். பத்து டம்ளரும் 45 ஐஸ் குச்சியும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

பலகை விளையாட்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. சீக்லர், ரமணி என்ற ஆய்வாளர்கள் ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட ஒரு விளையாட்டை ஏழைக் குடும்பங்களின் நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளுடன் இரண்டு வாரத்துக்குள் சில முறை விளையாடிப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். எண்களைப் பற்றிய புரிதல் முன்னேறியது. வட்டமாகப் போட்ட பலகையில் அதே பலன் கிடைக்கவில்லை. ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. நாலாம் கட்டத்தில் இருக்கும் காயை இரண்டு தள்ளும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஐந்து, ஆறு" என்று சொல்ல வேண்டும். பரமபதப் பலகை ஏகப்பட்ட கட்டங்களோடு வளைந்து வளைந்து போவதால் நாலு வயதுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு அட்டையில் பத்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், பல்லாங்குழிச் சோழியைக் காயாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. சின்ன வயதில் கணக்கு நன்றாக வந்தால் பின்னால் படிப்பும் நன்றாக வரும் என்று விளம்பரத்தில் பார்ப்பீர்கள். 2007-இல் கிரெக் டங்கனும் சகாக்களும் ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, பள்ளியில் நுழையும்போது இருக்கும் கணக்கறிவுக்கும் பிற்காலப் படிப்புக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது உண்மை. ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதால், முன்கூட்டித் திணித்தால் பின்னால் பலன் கிடைக்கும் என்று ஆகிவிடாது. சிறப்புப் பயிற்சி பெற்ற குழந்தைகளின் முன்னிலை சில வருடத்தில் கரைந்துபோவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதேபோல, வீட்டில் ஒண்ணு ரெண்டு, பள்ளியில் ஒன் டூ என்பது குழப்புமா என்று பலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் பத்து வரை குழப்புவதில்லை. அதற்கு மேல் தர்ட்டீனும் தர்ட்டியும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் தடுமாறுகிறார்கள், அந்த இடத்தில் பதின்மூன்று, முப்பது என்று தமிழில் சொல்லிக் காட்டினால் தெளிகிறார்கள். இது வகுப்பறையில் நான் பார்த்தது, ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவலைப்பட வேண்டிய நிலை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூ.கே.ஜி. முடியும்போதும் மூன்று பொருளை எண்ணித்தான் சொல்கிறாள், ஐந்து கேட்டால் அள்ளித்தான் தருகிறாள், பத்துக்குள் எண் வரிசையே தினம் தினம் மாறுகிறது என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வகுப்பில் கவனிக்காதது போலத் தெரியும் குழந்தைக்குப் பல நேரம் பிரச்சினை அங்கேதான் இருக்கும். அதற்குப் பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டு, கற்றல் குறைபாடுகளைப் பார்ப்பவர்களிடம் போகலாம். நாலே கால் வயதில் டிஸ்கால்குலியா, அதாவது கணக்கில் வரும் கற்றல் குறைபாடு, என்று யாராவது சீட்டு எழுதித் தந்தால் நான் நம்ப மாட்டேன், அந்த முடிவுக்குப் பள்ளிப் படிப்பு கொஞ்சம் நடந்திருக்க வேண்டும்.

அபாகஸ் இப்போது வேண்டாம். அந்த மணிச்சட்டத்தில் ஐந்து மணிகளுக்குப் பதில் ஒரே மணியை வைத்து வேலை செய்வதற்கு முன், ஐந்து என்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். வாய்ப்பாட்டை யூ.கே.ஜி.யில் பாட்டாகப் பாடினால் பாடட்டும், ஒப்பிக்கவில்லை என்று வீட்டில் சண்டை போடாதீர்கள். வீட்டுச் செருப்புகளை ஜோடி ஜோடியாக இரண்டு, நாலு, ஆறு என்று எண்ணச் சொன்னால் அதுவே இரண்டாம் வாய்ப்பாடு. பள்ளியோடு மோதவும் வேண்டாம். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அதைச் சொல்லி மிஸ்ஸை மிரட்டினால் அடுத்த நாள் சங்கடப்படப்போவது குழந்தைதான். அவருக்கும் மேலே இருந்து போர்ஷன் அழுத்தம் உண்டு. அடுத்த பி.டி.எம்.மில் (பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில்) கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், "மிஸ், இவ இன்னும் பத்துக்குள்ளேயே எண்ணிப் பழகிட்டிருக்கா, நோட்டுல தினம் அரைப்பக்கம் எழுதினாப் போதுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான மிஸ்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.